கம்பெனி கட்சிக்குக் கொடுத்த பணமும் நான் எழுதும் அறிக்கையும்

கேள்வி: சென்னையில், பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முதலில் சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) பிரிவில் இருந்தேன். இப்போது ஆண்டறிக்கையில் வரும் ‘எங்கள் மதிப்புகள்’ பக்கத்தையும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குத் தரும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையையும் எழுதுவது என் வேலை. நேர்மை, வெளிப்படைத்தன்மை, லஞ்சத்துக்கு இடமில்லை என்று வருஷா வருஷம் எழுதி வருகிறேன். 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரம் (ஸ்டேட் வங்கியில் வாங்கி, பெயர் வெளியே வராமல் கட்சிக்குக் கொடுத்த பத்திரம்) வாங்கியவர்களின் பட்டியல் வெளிவந்தபோது அதில் எங்கள் கம்பெனி பெயரும் இருந்தது. மத்தியில் ஆளும் கட்சிக்கும் மாநிலத்தில் ஆளும் கட்சிக்கும் சில கோடிகள் போயிருந்தன. ஆபீசில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது, கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு தேர்தல் டிரஸ்ட் வழியாகக் கொடுக்கிறார்கள் என்று அக்கவுண்ட்ஸில் இருக்கும் தோழி சொன்னாள். இதெல்லாம் சட்டப்படி சரியா? நான் கேட்கலாமா, கேட்டால் யாரிடம்? என் பெயரில் கொஞ்சம் கம்பெனி ஷேரும் இருக்கிறது. பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வேலையை விட வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் கம்பெனி செக்ரட்டரியாக இருந்து, இப்போது தனியாகத் தொழில் செய்கிறவன். போர்டு மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது. கட்சி நன்கொடை அஜெண்டாவில் எப்படி வரும் என்பது தெரியும். பெரும்பாலும் கடைசியில், ‘சேர்மன் அனுமதியுடன் பிற விஷயங்கள்’ என்பதன் கீழே வரும். ஒரு புதிய மெஷின் வாங்குவதற்கு அரைமணி நேரம் கேள்வி கேட்ட டைரக்டர்கள் இதற்குத் தலையை மட்டும் ஆட்டுவார்கள். எம்.டி. ‘உங்களுக்கே தெரியும்’ என்பார். எல்லோருக்கும் தெரியும்தான். அதனாலேயே யாரும் பேச மாட்டார்கள்.

முதலில் சட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 182ஆவது பிரிவுப்படி ஒரு கம்பெனி அரசியல் கட்சிக்குப் பணம் கொடுக்கலாம். அரசுக் கம்பெனி கொடுக்கக் கூடாது, தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகாத கம்பெனியும் கூடாது. மற்றவர்கள் போர்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டு வங்கி வழியாகக் கொடுக்கலாம், ரொக்கமாகக் கூடாது. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும். மீறினால் கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

இடையில் ஏழு வருஷம் இந்தச் சட்டம் வேறு மாதிரி இருந்தது. உங்கள் கம்பெனி பத்திரம் வாங்கியது அந்தக் காலத்தில்தான். 2017 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். அதோடு சேர்த்து நிதிச் சட்டத்தின் மூலம் 182ஆவது பிரிவில் இரண்டு விஷயங்களைத் தூக்கினார்கள். ஒன்று அந்த 7.5 சதவீத வரம்பு. இன்னொன்று, கட்சியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதும் என்றாகிவிட்டது. வரம்பு இல்லாததால் நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கோடிக்கணக்கில் கொடுக்கலாம். நஷ்டத்தில் இருப்பவன் எங்கிருந்து கொடுக்கிறான் என்று கேட்க அப்போது சட்டத்தில் இடமில்லை. தேர்தல் ஆணையமே 2017 மே மாதம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதி, இது பின்னோக்கிப் போகும் நடவடிக்கை என்று சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2018 ஜனவரியில் திட்டம் அமலுக்கு வந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. பத்திரம் மட்டும் போகவில்லை. கட்சியின் பெயரை மறைக்க விட்ட திருத்தம் வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு எதிரானது, வரம்பை எடுத்தது தன்னிச்சையானது என்று சொல்லி 182ஆவது பிரிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இன்றைய தேதியில் வரம்பும் உண்டு, கட்சிப் பெயரும் சொல்ல வேண்டும். ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று பட்டியல் வந்தது. யாருடைய பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்கும் எண்கள் மார்ச் 21 அன்று வந்தன. நீங்கள் உங்கள் கம்பெனி பெயரைப் பார்த்தது அந்த வாரமாகத்தான் இருக்கும்.

உங்கள் கம்பெனி பத்திரம் வாங்கிய நாளில் அது சட்டத்துக்கு உட்பட்ட காரியம். பத்திரங்களுக்குப் பின்னால் கைமாறு இருந்ததா என்று சிறப்புப் புலனாய்வுக் குழு வைத்து விசாரிக்கக் கேட்ட மனுக்களையும் 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. போர்டு தீர்மானம் இருந்து, கணக்கில் தொகை காட்டப்பட்டிருந்தால், பழையதை ‘குற்றம்’ என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. இதைச் சொல்வது உங்கள் வாயை அடைக்க இல்லை. குற்றம் என்று ஆரம்பித்தால் லீகல் டிபார்ட்மெண்ட் ஒரே பாராவில் உங்களை மடக்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

‘மதிப்புக்கு முரணான நன்கொடை’ என்றதும் பலருக்குத் தோன்றுவது, கம்பெனி தப்பான கட்சிக்குக் கொடுத்துவிட்டது என்பது. அமெரிக்காவில் அப்படி ஒரு பிரபலமான கதை உண்டு. டார்கெட் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் ஓரினச்சேர்க்கையாளர்களான ஊழியர்களைச் சமமாக நடத்துவதில் நல்ல பெயர் எடுத்திருந்தது. 2010இல் மினசோட்டா மாநிலத்தில் தொழிலுக்குச் சாதகமான வேட்பாளர்களை ஆதரிக்கும் ஒரு குழுவுக்கு 1,50,000 டாலர் கொடுத்தது. அந்தக் குழு ஆதரித்த கவர்னர் வேட்பாளர் டாம் எம்மர், ஓரினத் திருமணத்தை எதிர்த்தவர். ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் கொதித்ததில், தலைமை நிர்வாகி கிரெக் ஸ்டைன்ஹாஃபெல் ஊழியர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். நன்கொடை முடிவெடுக்கும் முறையையே மறு ஆய்வு செய்வதாகவும் சொன்னார். எம்மர் தேர்தலில் தோற்றும் போனார். அங்கே முரண்பாடு கொள்கை சம்பந்தப்பட்டது. கம்பெனி ஒன்று சொல்கிறது, அதன் பணம் இன்னொன்று சொல்கிறது.

நம் ஊரில் பெரும்பாலும் அப்படி இல்லை. நம் கம்பெனிகளின் பணம் எந்தக் கொள்கையையும் சொல்வதில்லை. ஊர்த் திருவிழாவில் இரண்டு கோஷ்டிக்கும் வரி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க நினைக்கும் கடைக்காரர் மாதிரிதான் கொடுக்கிறார்கள். அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையில் இருந்து இயங்கும் ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் திரிணமூல் காங்கிரசுக்கு சுமார் 540 கோடி, திமுகவுக்கு 500 கோடிக்கு மேல், ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 150 கோடிக்கு மேல், பாஜகவுக்கு 100 கோடி. இந்த நாலு கட்சிக்கும் பொதுவான கொள்கை என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் திமுக தானே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த விவரப்படி பத்திரம் மூலம் வந்த 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரு நிறுவனத்திடமிருந்து. பாஜகவுக்கு 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது 6,000 கோடிக்கு மேல். எந்தக் கட்சிக்காரரும் இன்னொரு கட்சிக்காரரைப் பார்த்து ரொம்பச் சத்தம் போட முடியாத பட்டியல் அது. பத்திரமே வாங்க மாட்டோம் என்று சொல்லி, வழக்கும் போட்ட மார்க்சிஸ்ட் கட்சி விதிவிலக்கு.

ஆகவே ‘ஏன் அந்தக் கட்சிக்குக் கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கேட்டவரின் சொந்த அரசியல்தான் பேச்சாகும். நீங்கள் எந்தக் கட்சி என்று கேன்டீனில் ஆராய்வார்கள்.

என் பார்வையில் முரண்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. கட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றால் செக் இருந்தது. 2013 முதல் தேர்தல் டிரஸ்ட் இருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கம்பெனி பத்திரம் வாங்கியது என்றால், பத்திரத்தில் மட்டும் கிடைத்த கூடுதல் வசதி என்ன? பெயர் வெளியே வராது என்பதுதான். சரி, யாருக்குத் தெரியாது? ஸ்டேட் வங்கிக்குத் தெரியும். கொடுத்த எம்.டி.க்குத் தெரியும். வாங்கிய கட்சிக்குத் தெரிய வழி இருக்கிறது என்று நீதிமன்றமே தீர்ப்பில் சொன்னது. பத்திரங்களின் மதிப்பில் 94 சதவீதம் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாக இருந்ததையும் குறிப்பிட்டது. ஒரு கோடி ரூபாய்த் தாளை யாரோ கவரில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார், யாரென்று தெரியாது என்று ஒரு கட்சி சொன்னால் நம்பவா முடியும்? தெரியாமல் இருந்தது பங்குதாரருக்கும் ஊழியருக்கும் ஓட்டுப் போடுகிறவருக்கும் மட்டும்தான். அதாவது, எந்த மனிதர்களுக்காக நீங்கள் ‘வெளிப்படைத்தன்மை’ என்று எழுதினீர்களோ அவர்களுக்கு மட்டும்.

உங்கள் எம்.டி. தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு நீதிமன்றத்தில் சொன்ன வாதமும் அதுதான்: இந்தக் கட்சிக்குக் கொடுத்தது வெளியே தெரிந்தால் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் பழிவாங்கும். இது வெறும் சாக்கு இல்லை. கம்பெனி நடத்தும் யாரும் இந்தப் பயத்தோடுதான் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், மாநாடு வருகிறது என்றால் கட்சியின் மாவட்ட நிர்வாகி ரசீது புத்தகத்தோடு ஃபாக்டரி வாசலுக்கே வந்துவிடுவார். ‘இவ்வளவு’ என்று அவரே சொல்லுவார். தண்ணீர்க் கனெக்‌ஷனும் மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியும் ஞாபகத்துக்கு வரும். மாநாட்டு மலரில் ஒரு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்து, விற்பனை மேம்பாட்டுச் செலவு என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். (கட்சி மலரில் கொடுக்கும் விளம்பரமும் 182ஆவது பிரிவில் நன்கொடைதான். வருமான வரிக்கும் அதை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. ஆனாலும் பல கணக்குப் புத்தகங்களில் அது காலண்டர், டைரிச் செலவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.)

பயந்து கொடுத்தேன் என்பது புரிகிறது. ஆனால் பயந்து கொடுத்ததை அதே ஆண்டறிக்கையில் ‘லஞ்சத்துக்கு இடமில்லை’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் மறைத்து வைப்பதுதான் இடிக்கிறது. நீதிமன்றமும் கம்பெனிகள் கொடுக்கும் பணம் பலனை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரப் பரிவர்த்தனை என்று சொல்லியிருக்கிறது. தனி மனிதர் ஒரு கட்சியைப் பிடித்துக் கொடுப்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இனி உங்கள் மேஜையில் இருக்கும் விஷயம். பி.ஆர்.எஸ்.ஆர். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயம். அதில் ஒன்பது கோட்பாடுகள். ஏழாவது, பொதுக் கொள்கையில் தாக்கம் செலுத்தும்போது பொறுப்போடும் வெளிப்படையாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்பது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் கீழே என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். எந்தெந்தத் தொழில் வர்த்தக சபையில் (சேம்பரில்) உறுப்பினர், போட்டிக்கு எதிரான நடத்தைக்காக உத்தரவு ஏதும் வந்ததா, எந்தக் கொள்கைகளுக்காக வாதாடினீர்கள், இவ்வளவுதான். கட்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. சேம்பர் சந்தாவைக் கேட்கிற படிவம் கட்சி நன்கொடையைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். படிவத்தில் கட்டம் இல்லை என்பதால் நீங்கள் எழுதக் கூடாது என்று அர்த்தமில்லை.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். உங்கள் அறிக்கையின் முன்பக்கத்தில் ‘ஜி.ஆர்.ஐ. தரநிலைகளைப் பின்பற்றித் தயாரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறதா? ஜி.ஆர்.ஐ. என்பது இந்த மாதிரி பொறுப்பு அறிக்கைகளுக்கான சர்வதேச வழிகாட்டி, நிறைய கம்பெனிகள் பெருமைக்காகப் போட்டுக்கொள்கின்றன. ஜி.ஆர்.ஐ.யில் 415 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரசியல் நன்கொடையின் மொத்த மதிப்பை, நேரடியாகக் கொடுத்ததையும் பிறர் வழியாகக் கொடுத்ததையும், நாடு வாரியாக, பெற்றவர் வாரியாக அது கேட்கிறது. கடைசிப் பக்க அட்டவணையில் 415க்கு நேராக உங்கள் கம்பெனி என்ன போட்டிருக்கிறது? ‘பொருந்தாது’ என்று இருந்தால், போர்டு பணம் கொடுத்த வருஷத்தில் அது பொய்யான வரி. அந்த அட்டவணையை நிரப்பியவர் நீங்களோ உங்கள் டீமோதான். இந்த இடத்தில் நீங்கள் யாருடைய அரசியலையும் கேள்வி கேட்கவில்லை. உங்கள் கையால் போகும் ஒரு வரி சரியா தவறா என்று கேட்கிறீர்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கிறது. கேட்காமல் விட்டால்தான் நாளைக்கு உங்கள் மேல் பழி.

அடுத்து, கம்பெனியின் நடத்தை விதிகளை எடுத்துப் படியுங்கள். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாம் யாரும் திரும்பப் பார்க்காத புத்தகம். அதில் அரசியல் பற்றி ஒரு பத்தி இருக்கும். ‘கம்பெனி எந்தக் கட்சியையும் சார்ந்ததல்ல’ என்று இருக்கலாம். ‘போர்டு அனுமதியோடு மட்டும்’ என்று இருக்கலாம். சில இடங்களில் ‘எந்த அரசியல் கட்சிக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ நிதி தருவதில்லை’ என்றே இருக்கும். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கேள்வியின் பலம். மூன்றாவதாக இருந்தால் கம்பெனி தன் விதியையே மீறியிருக்கிறது, விதியையோ நடத்தையையோ மாற்றியாக வேண்டும்.

யாரிடம் கேட்பது? உங்கள் மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு, கம்பெனி செக்ரட்டரிக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள். போர்டு தீர்மானம் அவர் கோப்பில்தான் இருக்கிறது. மெயிலில் ‘மதிப்பு’, ‘முரண்பாடு’, ‘மனசாட்சி’ எதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “இந்த ஆண்டு அறிக்கையில் அரசியல் நன்கொடை பற்றிய வரியை நிதிநிலை அறிக்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. 182ஆவது பிரிவின் கீழ் காட்டப்படும் தொகை, பெற்றவர் பெயர், போர்டு தீர்மானத் தேதி ஆகியவற்றைத் தரவும். தொகை எதுவும் இல்லையெனில் ‘இல்லை’ என்று உறுதி செய்யவும்.” இது சாதாரண அலுவலக மெயில். யாரும் கோபப்பட முடியாது. ஆனால் பதில் எழுத்தில் வந்தாக வேண்டும். என் மாதிரி ஆட்கள் இந்த மெயிலைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் நெளிவார்கள். அப்புறம் நிதிப் பொறுப்பில் இருக்கும் சி.எஃப்.ஓ.விடம் போவார்கள். அதற்குப் பிறகு உங்கள் மேலாளருக்கு ஒரு போன் வரும். வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. அக்கவுண்ட்ஸ் தோழி சொன்னதை எந்த மெயிலிலும் எழுதாதீர்கள், அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது. இன்னும் வெளியாகாத கணக்கை அவர் உங்களிடம் சொன்னது அவருக்குத்தான் ஆபத்து. கணக்கின் வரைவு முறைப்படி உங்கள் கைக்கு வரும்போது அதில் பார்த்ததாகவே பேசுங்கள். அதேபோல, வெளியான பட்டியலில் இருப்பதை நீங்கள் யாரிடமும் பேசலாம், அது ஊருக்கே தெரிந்தது. உள்ளே இருக்கும் தீர்மான நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை போக அது ஒன்றே போதும்.

முறைகேட்டைப் பற்றி ஊழியர் புகார் செய்யும் விசில்புளோயர் முறைப்படி ஆடிட் கமிட்டி சேர்மனுக்கு எழுதலாமா என்று சிலர் சொல்வார்கள். பட்டியலிட்ட எல்லாக் கம்பெனியிலும் அந்த வழி உண்டு. ஆனால் அதை இதற்கு இப்போதே பயன்படுத்த வேண்டாம். தீர்மானமே இல்லாமல் பணம் போயிருந்தாலோ, வரம்பைத் தாண்டியிருந்தாலோ, கணக்கில் வேறு தலைப்பில் ஒளித்திருந்தாலோ, சிஎஸ்ஆர் செலவில் சேர்த்திருந்தாலோ அப்போது எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனமாகப் பாருங்கள், நீங்கள் அந்தப் பிரிவில் இருந்தவர். கட்சிக்கு நேரடியாகவோ சுற்றி வளைத்தோ கொடுப்பது சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியே சொல்கிறது. ஒரு கட்சித் தலைவர் பெயரில் இருக்கும் அறக்கட்டளைக்குப் போன ‘கல்வி உதவி’ எதுவும் கண்ணில் பட்டிருந்தால் அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

இப்போது டிரஸ்ட். பத்திரம் போனபிறகு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இது பத்திரத்தைவிட எவ்வளவோ மேல். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று டிரஸ்ட் தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் கொடுக்கிறது. ஒரு வருஷத்தில் வாங்கியதில் குறைந்தது 95 சதவீதத்தை அந்த வருஷமே கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பல கம்பெனிகள் பணம் போடும் டிரஸ்டில் உங்கள் கம்பெனி ரூபாய் எந்தக் கட்சிக்குப் போனது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. உள்ளே வருவது ஒரு பட்டியல், வெளியே போவது இன்னொரு பட்டியல், நடுவில் கோடு கிடையாது. உங்கள் கம்பெனி கணக்கில் டிரஸ்டின் பெயர் மட்டும் வரும். டாடா குழுமத்தின் டிரஸ்ட் மக்களவையில் கட்சிகளின் பலத்தை வைத்து ஒரு சூத்திரப்படி பிரிக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்த முறை என்று சொல்ல மாட்டேன், ஜெயித்தவனுக்கே மேலும் போய்ச் சேரும். ஆனால் எந்த அடிப்படையில் கொடுக்கிறோம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. உங்கள் கம்பெனி தேர்ந்தெடுத்த டிரஸ்டுக்கு அப்படி விதி ஏதும் இருக்கிறதா, அதை யார் முடிவு செய்தார்கள் என்பது போர்டிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்வி.

ஊழியராகக் கேட்க முடியாததைப் பங்குதாரராகக் கேட்கலாம். 1957இலேயே இது நடந்திருக்கிறது. டாடா இரும்பு எஃகுக் கம்பெனி, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் கம்பெனி என்னென்ன செய்யலாம் என்று சொல்லும் தன் அமைப்புப் பத்திரத்தைத் திருத்த முற்பட்டபோது ஒரு பங்குதாரர் எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். தோற்றுத்தான் போனார். ஆனால் தலைமை நீதிபதி சாக்ளா, அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில், இது ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கக்கூடிய ஆபத்து, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். 1969இல் கம்பெனி நன்கொடைக்கு முழுத் தடையே வந்தது. பிறகு 1985இல் திரும்ப அனுமதித்தார்கள்.

நம் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை, இந்த நன்கொடைக்குப் பங்குதாரர் அனுமதி தேவையில்லை என்பது. போர்டு போதும். போர்டு மினிட்ஸைப் பார்க்கும் உரிமையும் பங்குதாரருக்கு இல்லை. பிரிட்டனில் 12 மாதத்தில் 5,000 பவுண்டுக்கு மேல் கட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றால் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் வாங்க வேண்டும். அங்கே பெரிய கம்பெனிகள், கொடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், தெரியாமல் விதியை மீறிவிடக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாக அந்தத் தீர்மானத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. இங்கே அப்படி ஒரு விதி வந்தால் பாதி நன்கொடை தானாகவே குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பங்குதாரர் கூட்டத்தில் நின்று ‘இந்தக் கட்சிக்கு இவ்வளவு’ என்று வாசிக்க எந்த சேர்மனுக்கு மனசு வரும்?

ஆனால் ஏஜிஎம்மில், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கேள்வி கேட்கத் தடையில்லை. இப்போது நிறைய கம்பெனிகள் வீடியோவில் நடத்துகின்றன. நோட்டீசில் ‘ஸ்பீக்கராகப் பதிவு செய்ய’ ஒரு மெயில் முகவரியும் கடைசித் தேதியும் இருக்கும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே அது முடிந்துவிடும், தவறவிடாதீர்கள். ஊழியரே எழுந்து கேட்பது சங்கடம் என்றால் அதே முகவரிக்கு எழுத்தில் கேள்வி அனுப்பலாம். அதுவும் வேண்டாம் என்றால், ஷேர் வைத்திருக்கும் ரிட்டயர்டு ஊழியர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். ஏஜிஎம்மில் டிவிடெண்ட் ஏன் குறைந்தது என்று வருஷா வருஷம் கேட்கும் அந்தப் பெரியவர்கள் இதையும் சந்தோஷமாகக் கேட்பார்கள். இழக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

‘கேட்டால் வேலை போகுமா’ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். மேலே சொன்ன மெயிலுக்காக யாரையும் வேலையை விட்டு எடுத்து நான் பார்த்ததில்லை. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகலாம், அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுக்கலாம். அது நடக்காது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், உங்கள் நிலைமையை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை பதிலே வராமல் ‘போன வருஷம் மாதிரியே போட்டுவிடுங்கள்’ என்று மட்டும் சொன்னால்? அப்போது உங்களால் முடிந்தது, எழுதாமல் விடுவது. ‘வெளிப்படைத்தன்மையில் நாங்கள் முன்னோடி’ என்ற வரியை வரைவில் சேர்க்காதீர்கள். ‘சட்டப்படி தேவையான விவரங்களை வெளியிடுகிறோம்’ என்று எழுதுங்கள். அது உண்மை. மேலே இருக்கும் யாராவது முன்னோடி என்று சேர்க்க விரும்பினால் அவர்கள் கையால் சேர்க்கட்டும், திருத்தம் யார் செய்தது என்று ஃபைலில் பதிவாகட்டும்.

கணக்கின் வரைவு வந்ததும் ‘இதர செலவுகள்’ குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். நன்கொடை பெரும்பாலும் அங்கேதான், தணிக்கையாளர் கட்டணத்துக்கும் பலவகைச் செலவுக்கும் நடுவில் இருக்கும். அந்தத் தொகையை டிரஸ்ட் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்யும் கணக்கோடு ஒப்பிடுங்கள். அது சில மாதம் கழித்து வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அது வேறு பேச்சு.